பதில் சொல்லாமல் அன்பு காட்டுவது எப்படி? ஓசிடி உள்ள குழந்தையின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

காலை ஏழே காலுக்கு வேன் வந்துவிடும். குளியலறைக்குள் போன பிள்ளை நாற்பது நிமிடமாக வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால் 'இதோ வரேன்' என்று குரல் மட்டும் வருகிறது. வந்த பிறகும் ஷூ லேஸை நாலு தடவை அவிழ்த்துக் கட்டுகிறது. வாசலில் நின்று, 'அம்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று கேட்கிறது. 'ஒண்ணும் ஆகாது கண்ணு, கிளம்பு' என்றதும் முகம் தெளிந்து ஓடுகிறது. மறுநாள் அதே கேள்வி இரண்டு முறை வருகிறது, அடுத்த மாதம் இருபது முறை. பள்ளியில் விசாரித்தால், 'கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ரொம்ப நல்ல பொண்ணு' என்கிறார் டீச்சர்.

இதற்கு ஓசிடி (அப்செசிவ் கம்பல்சிவ் டிஸ்ஆர்டர்) என்று பெயர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதை ஒட்டித் தலைகாட்டும். ஆறேழு வயதிலும் வருவதுண்டு. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. பிள்ளையும் முடிந்தவரை மறைக்கும். வளர்ப்புக் கோளாறால் வருவதில்லை. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் வந்த பிறகு அது வளர்வதா தேய்வதா என்பதில் வீட்டின் பங்கு பெரிது. அதனால் சிகிச்சை அறைக்குள் நடப்பதைவிட வீட்டுக்குள் நடக்க வேண்டியதற்கே இங்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

உள்ளே ஓடும் சுழல்

முதலில் ஒரு எண்ணம் வருகிறது: 'கையில கிருமி இருக்கு', 'அப்பாவுக்கு ஆக்ஸிடெண்ட் ஆயிடும்'. கூடவே பயம், அருவருப்பு, அல்லது சொல்லத் தெரியாத ஒரு 'சரியா இல்ல' உணர்வு. அதைத் தணிக்க ஒரு செயல்: கழுவுவது, தொட்டுப் பார்ப்பது, எண்ணுவது, அம்மாவிடம் கேட்பது. சில நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் தூண்டில். 'செய்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் அழுத்தமாக வருகிறது, செயலும் நீள்கிறது.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்த முகம். தெரியாத முகங்கள்தான் அதிகம். நோட்டில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகும். ஒரே வரியைப் பத்து முறை படித்தும் பக்கம் நகராது. வாசற்படியை 'சரியாக' தாண்டவில்லை என்று திரும்பிப் போய் மறுபடி தாண்டும். செய்யாத தப்பையெல்லாம் ஒப்புக்கொள்ளும். சாமி படத்தைப் பார்த்தவுடன் மனதுக்குள் கெட்ட வார்த்தை எழும். தூங்கும் தம்பியைப் பார்த்து 'கத்தியால குத்திடுவேனோ' என்று தோன்றும்.

கடைசி இரண்டையும்தான் குழந்தைகள் அதிகம் மறைக்கிறார்கள், பெற்றோரும் அவற்றைக் கேட்டுத்தான் அதிகம் ஆடிப்போகிறார்கள். ஓசிடியில் இப்படி வரும் எண்ணம் ஆசையால் வருவதில்லை. அந்தப் பிள்ளை தம்பிமேல் உயிரையே வைத்திருக்கும். அதனால்தான் அந்த எண்ணம் அதை இவ்வளவு உலுக்குகிறது, சமையலறைப் பக்கமே போகாமல் செய்கிறது. 'இப்படியெல்லாமா நினைப்பே?' என்று திட்டினாலும், பரிகாரம் செய்யக் கூட்டிப்போனாலும், எண்ணமே குற்றம் என்று பிள்ளைக்கு உறுதியாகிவிடும். 'சரி, சொன்னது நல்லது. இது மாதிரி எண்ணம் எல்லாருக்கும் வந்து போகும், உனக்கு மாட்டிக்கிச்சு' என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனதுக்குள்ளேயே நடக்கும் சடங்குகள் இன்னும் கண்ணில் படாதவை. இருபத்தொரு முறை 'முருகா' சொல்லி முடித்தால்தான் தட்டில் கை வைக்கும். இடையில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்கும். வெளியே பார்ப்பவருக்குப் பிள்ளை பராக்குப் பார்ப்பது போலத்தான் தெரியும்.

சின்ன வயதில் தூங்கப்போகும்போது பொம்மைகளை வரிசையாக வைப்பது, பரீட்சைக்குக் குறிப்பிட்ட பேனாவை எடுத்துப்போவது எல்லாம் நோயில்லை. பார்க்க வேண்டியவை மூன்று. ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறதா? தடுத்தால் வெறும் சிணுங்கலா, தாங்க முடியாத தவிப்பா? விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என்று ஏதாவது குறைந்துகொண்டே வருகிறதா? நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் குழந்தை ஓயாமல் கழுவினால் 'என்ன சுத்தம் பாரு' என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டிலேயே இரண்டு வருடம் போய்விடும்.

முதல் படி: ஏழு நாள் நோட்டு

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்க்க வேண்டாம். 'உனக்குக் கஷ்டமா இருக்கிறதை டாக்டர்கிட்ட சரியாச் சொல்லணும், அதுக்காக எழுதறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம்: மணி, எந்த இடத்தில், பிள்ளை என்ன செய்தது, எத்தனை நிமிடம், நீங்கள் என்ன செய்தீர்கள். ஐந்தாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'மாலை 4.40, பள்ளியிலிருந்து வந்ததும். சீருடையை வாசலிலேயே கழற்றச் சொன்னேன், நான் தனி பக்கெட்டில் ஊறவைத்தேன், 25 நிமிடம்' என்று எழுதும்போதுதான் சடங்கில் பாதி நம் கையால் நடக்கிறது என்பது புரியும்.

இரண்டாவது படி: யாரிடம் போவது, என்ன கேட்பது

மனநல மருத்துவர், முடிந்தால் குழந்தைகள் மனநலம் பார்ப்பவர். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் குழந்தைகள் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசியச் சேவை அது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

'கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிட்டுப் போறே?' என்று சொந்தத்தில் யாராவது கேட்பார்கள். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் ஊர்ப் பெயரை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதற்குப் பயந்து ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவர் பெரும்பாலும் குழந்தைகளுக்கான யேல்-பிரவுன் அளவுகோலை வைத்துக் கேட்பார். மொத்தம் 40 மதிப்பெண்; 16ஐ எட்டினால் சிகிச்சை தேவைப்படும் அளவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா இல்லையா என்று வாதாட வேண்டியிருக்காது.

பேச்சு சிகிச்சை என்கிற உளவியல் சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்புவார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. அடுத்த கேள்விதான் முக்கியம்: 'ஈஆர்பி செய்வீங்களா?' பயப்படும் விஷயத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் முறை அது. ஓசிடிக்குப் பலன் தரும் பேச்சு சிகிச்சையின் மையம் இதுதான். வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் ஆகும். வாராவாரம் அறிவுரை, மூச்சுப் பயிற்சி, 'அந்த எண்ணம் வந்தா ரப்பர் பேண்டைச் சுண்டு' என்றே போய்க்கொண்டிருந்தால் ஆளை மாற்றுங்கள். எண்ணத்தைத் தடுக்கத் தடுக்க அது இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது படி: நோயைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பது

பத்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஓசிடிக்கு அதுவே ஒரு பெயர் வைக்கட்டும். 'நச்சு மாமா', 'பயங்காட்டி', எதுவானாலும் சரி. பதின்வயதினருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் படும். அவர்களிடம் ஓசிடி என்றே சொல்லலாம். இதனால் உங்கள் வாயில் வரும் வாக்கியம் மாறுகிறது. 'ஏன் இப்படிப் படுத்தறே?' என்று கேட்ட இடத்தில் 'பயங்காட்டி இன்னைக்கு ரொம்பக் கத்துதா?' என்று கேட்பீர்கள். கோபம் நோய்மேல் போகும், பிள்ளை உங்கள் பக்கம் நிற்கும்.

ஆனால் பிள்ளை செய்யும் சாதாரணக் குறும்புக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதச் சோம்பல்பட்டால் அது சோம்பல்தான்.

நான்காவது படி: நாம் செய்யும் 'உதவி'களைக் கணக்கெடுப்பது

நோட்டில் ஐந்தாவது பத்தியை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதுங்கள். வழக்கமாக வரிசை இப்படி இருக்கும்: 'ஒண்ணும் ஆகாது' என்று திரும்பத் திரும்பச் சொல்வது, பிள்ளைக்காகக் கதவுக் குமிழைத் திறந்துவிடுவது, தனித் தட்டு, தனி டம்ளர், கூடுதல் சோப்பு வாங்கி வைப்பது, வீட்டுக்கு விருந்தாளிகளே வேண்டாமென்று நிறுத்திவிடுவது, அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் நேரே குளிக்கப் போவது, சடங்கு முடியும்வரை மொத்தக் குடும்பமும் காரில் காத்திருப்பது.

ஓசிடி உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இவற்றில் ஏதாவது நடக்கிறது. பிள்ளை துடிப்பதைப் பார்க்க முடியாமல், நேரமாகிறதே என்ற அவசரத்தில் செய்கிறோம். ஒவ்வொன்றும் அந்த நிமிடத்தைக் கடத்திவிடும். சேர்த்துப் பார்த்தால் சுழலுக்கு எண்ணெய் ஊற்றியிருப்போம்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இந்த இடத்தையே பிடித்து, 'ஸ்பேஸ்' என்ற பெற்றோர் பயிற்சியை வகுத்தார். அதில் பிள்ளை சிகிச்சைக்கு வரவேண்டும் என்றே இல்லை. பெற்றோர் தங்கள் செய்கையை மட்டும் மாற்றுகிறார்கள். குழந்தைகளின் பதற்ற நோய்களில் இந்தப் பயிற்சியையும் பிள்ளைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. பெற்றோர் பயிற்சி பின்தங்கவில்லை. 'டாக்டர்கிட்ட வரமாட்டேன்' என்று அடம்பிடிக்கும் பதின்வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு இது கையில் கிடைத்த கயிறு.

ஐந்தாவது படி: ஒன்றே ஒன்றைக் குறைப்பது

பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகள் செய்யும் தவறு. மூன்றாம் நாள் வீடு ரணகளமாகும், நாலாம் நாள் எல்லாம் பழையபடி திரும்பும். இடையில் பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: போதுமான அளவு கத்தினால் விட்டுக்கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி நடப்பதாக, உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக இருக்கட்டும். 'இனி நீ கை கழுவக்கூடாது' என்பது பிள்ளையின் கையில் இருப்பது. உங்களால் அமல்படுத்த முடியாது. 'இனி நான் பதில் சொல்லமாட்டேன்' என்பது உங்கள் கையில் இருப்பது. அதனால் பெரும்பாலான வீடுகளில் 'ஒண்ணும் ஆகாதுல்ல?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே சுலபம்.

சண்டையில்லாத ஒரு நேரம் பார்த்து, ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போல, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: 'உனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியுது. அந்தப் பயத்தோட இருக்க உன்னால முடியும்னும் தெரியும். நாங்க திரும்பத் திரும்ப பதில் சொல்றதால ஓசிடிதான் பெருசாகுது. திங்கட்கிழமையிலேருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவைதான் பதில் சொல்லுவோம்.' பயம் உண்மை என்று ஏற்பது ஒன்று, உன்னால் முடியும் என்று நம்புவது ஒன்று. இந்த இரண்டில் எது விடுபட்டாலும் பேச்சு பழுதாகிவிடும். முதலாவது இல்லாவிட்டால் அதட்டலாகும். இரண்டாவது இல்லாவிட்டால் வெறும் இரக்கமாகும்.

பத்து என்ற எண் ஓர் உதாரணம்தான். நோட்டில் நாளுக்கு இருபது முறை இருந்தால் பத்து என்று தொடங்கலாம். எட்டு முறைதான் என்றால் ஆறு. தடித்த அட்டையில் அத்தனை சீட்டு வெட்டிக் கொடுங்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைத் தரவேண்டும். பத்தில் தொடங்கினால் இரண்டாம் வாரம் ஏழு, மூன்றாம் வாரம் நாலு, அடுத்து இரண்டு, பிறகு இல்லை. இரவில் மிச்சமிருக்கும் சீட்டுக்குச் சின்னப் பரிசு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்: இரண்டு சீட்டு மிஞ்சினால் ஒரு ரவுண்டு கேரம், ஐந்து மிஞ்சினால் இரவு தோசையோடு கேட்ட சட்னி. பணமோ பெரிய பொருளோ வேண்டாம்.

சீட்டு தீர்ந்த பிறகு கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: 'இது ஓசிடி கேக்கற கேள்வி. உன்னால சமாளிக்க முடியும்.' அமைதியாக ஒரு முறை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். விளக்கம், வாதம், நிரூபணம் எதுவும் வேண்டாம். 'அதான் அம்மா பதில் சொல்லலையே, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னுதானே அர்த்தம்?' என்று பிள்ளை மடக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கும் அதே வாக்கியம்தான்.

எல்லாக் கேள்வியும் ஓசிடி ஆகாது. பிள்ளைக்கு விடை தெரியாது, முதல் முறையாகக் கேட்கிறது என்றால் நேராகப் பதில் சொல்லுங்கள். விடை தெரிந்தும் மறுபடி கேட்கிறது, நீங்கள் சொன்னதும் அரை நிமிடத்துக்கு நிம்மதி வந்து மறைகிறது என்றால் அதுதான் சுழல்.

முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும், அழும், கதவைச் சாத்தும், 'உனக்கு என்மேல பாசமே இல்ல' என்று சொல்லும். திட்டம் தோற்றதற்கு அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிய கதவு திறக்காவிட்டால் யாரும் முதலில் பலமாகத்தான் தட்டுவார்கள். எட்டாவது, பத்தாவது நாள்வரை ஒரே சீராக நின்றால் சத்தம் குறையத் தொடங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இடையில் ஒரு நாள் மட்டும் இரங்கிப் பதில் சொல்லிவிட்டால் அதுவரை உறுதியாக நின்றதெல்லாம் வீண். எப்போதாவது கிடைக்கும் பதில், எப்போதும் கிடைக்கும் பதிலைவிட ஆழமாகப் பழக்கப்படுத்தும்.

இது உடையும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. அம்மா உறுதியாக இருப்பார், பாட்டி பின்கட்டில் வைத்து, 'ஒண்ணும் ஆகாதுடா தங்கம்' என்று சொல்லியிருப்பார். அப்பா வெளியூரில் இருப்பார். வாட்ஸ்அப்பில் கேள்வி அவருக்குப் போகும். இரண்டும் இல்லையென்றால் பிள்ளை கூகுளிலும் சாட்பாட்டிலும் தேடும். அவை சலிக்காமல் பதில் சொல்லும். ஆகவே தொடங்கும் முன்பே பாட்டியை உட்கார வைத்துப் பேசுங்கள். 'குழந்தை அழுதா மடியில வச்சுக்கோங்க, முதுகைத் தடவுங்க, பதில் மட்டும் சொல்லாதீங்க' என்று அவர் செய்யக்கூடியதையும் சொல்லுங்கள். செய்யாதே என்று மட்டும் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கப்போவதில்லை.

ஆறாவது படி: ஏணி

உளவியலாளரோடு சேர்ந்து செய்வதுதான் இதற்குச் சரியான வழி. அவரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும் என்ற நிலையில் வீட்டுப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். செருப்பு, தெரு அழுக்கு என்றால் பயம் உள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் பிள்ளையே போடும்.

2: அம்மா செருப்பைக் கையால் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது.
3: தன் செருப்பின் வாரை ஒரு விரலால் தொட்டுவிட்டு, பத்து நிமிடம் கழுவாமல் இருப்பது.
5: செருப்பை முழுக் கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழுவாமல் படிப்பது.
6: அந்தக் கையால் தன் பள்ளிப் பையைத் தொடுவது.
8: அந்தக் கையால் தன் தலையணையைத் தொட்டுவிட்டு, இரவு அதிலேயே படுப்பது.

சாப்பிடும் முன் சாதாரணமாக, 20 நொடி, ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லா நாளும் உண்டு. சாக்கடையைத் தொடு, கழிவறைத் தண்ணீரைத் தொடு என்று சாதாரண மனிதர் யாரும் செய்யாததை ஏணியில் வைக்க வேண்டியதில்லை.

தினமும் 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாளாவது. ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பச் செய்யலாம். சில நாள் குறையாது. அப்போதும், 'பயம் 6இலேயே இருந்துச்சு, ஆனாலும் அரை மணி நேரம் கழுவாம இருந்துட்டியே' என்பது முழு வெற்றி. தொடங்கும் முன், 'என்ன ஆகும்னு ஓசிடி சொல்லுது?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'நாளைக்குக் காய்ச்சல் வரும்' என்றால், மறுநாள் நோட்டைத் திறந்து பிள்ளையே பார்க்கட்டும். நீங்கள் 'பாத்தியா, நான்தான் சொன்னேனே' என்றால் அதுவும் ஓர் ஆறுதல் பதிலாகிவிடும்.

ஏணி வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. பயிற்சியின்போது பிள்ளை மனதுக்குள் மந்திரமோ எண்ணிக்கையோ ஓட்டியிருக்கும். அறைக்குப் போய்ச் சானிடைசர் தடவியிருக்கும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்ததால் பயத்தைச் சந்தித்திருக்கவே இருக்காது. அல்லது, அவசரப்பட்டு 3இலிருந்து 8க்குத் தள்ளியிருப்பீர்கள். கையைப் பிடித்து இழுத்துத் தொடவைப்பது கூடவே கூடாது. அடுத்த படி எது என்பதைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கும்.

சாமி சம்பந்தப்பட்ட எண்ணங்களுக்கு ஏணி வேறு மாதிரி. தெய்வ நிந்தனை எதையும் செய்யச் சொல்லவேண்டாம். வீட்டில் பெரியவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்களோ அதுவே அளவு: ஒருமுறை விழுந்து கும்பிட்டு, ஒருமுறை விபூதி இட்டு, நகர்வது. கெட்ட எண்ணம் வந்தால் வந்தபடி இருக்கட்டும். அதற்குப் பிராயச்சித்தமாக மறுபடி கும்பிடாமல் இருப்பதுதான் பயிற்சி. சர்ச்சில் ஜெபத்தை முதலிலிருந்து சொல்லும் பிள்ளைக்கும், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான். மதப் பெரியவர் ஒருவர், 'ஒருமுறை போதும்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் வீட்டில் தகராறு குறையும். அவரிடமே தினமும் போய்க் கேட்கத் தொடங்கினால் அதுவும் சடங்காகிவிடும்.

மாத்திரை

லேசான நிலையில் பேச்சு சிகிச்சை மட்டும் போதலாம். நடுத்தரம், கடுமை என்றால் இரண்டும் சேர்த்துப் பரிந்துரைப்பார்கள். 2004இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரை 112 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வாரம் கழித்து, பேச்சு சிகிச்சையும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல் கிட்டத்தட்டக் குணமாகியிருந்தார்கள். பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பத்தில் நாலு பேர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்.

குழந்தைகளுக்கு வழக்கமாகத் தருபவை செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸமின், ஃபுளூவாக்ஸெடின் போன்றவை. பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது நேரக் கணக்கில். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவும் சரியான அளவுக்கு உயர்த்திய பிறகு. மூன்றாம் வாரம், 'ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுவலி, தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும்.

தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: பிள்ளை திடீரென்று நிலைகொள்ளாமல் அலைவது, இயல்புக்கு மாறான துள்ளல், 'செத்துப்போயிடலாம்' என்ற பேச்சு. இளம் வயதினரில் ஒரு சிறு பகுதியினருக்கு, முக்கியமாக மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும், இத்தகைய எண்ணம் கூடலாம். அதனால் முதல் வாரங்களில் கூடவே இருந்து கவனியுங்கள். மாத்திரைப் பட்டை உங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

குணமான பிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் மெல்லக் குறைப்பதே முறை. 'தூக்க மாத்திரை கொடுத்துப் பழக்கிடுவாங்க' என்ற பயம் இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும்.

பள்ளியும் தேர்வும்

எல்லா ஆசிரியரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர் இருந்தால் அவர், தலைமையாசிரியர் போதும். யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீண்ட மருத்துவ அறிக்கையைவிட அரைப் பக்கக் கடிதம் பயன்படும்: என்ன பிரச்சினை, வகுப்பில் எப்படித் தெரியும், ஆசிரியர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது. 'கழிவறைக்குப் போக அனுமதி கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் ஒருமுறை கூப்பிடுங்கள். அழித்து எழுதினால் திட்ட வேண்டாம், அழிரப்பரை மேசையில் வைக்காமல் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் முன் கேட்க வேண்டாம்' என்கிற அளவில்.

தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதா என்பது யோசித்துச் செய்ய வேண்டியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. அரசு மருத்துவமனை மதிப்பீட்டில் 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரவேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. கடுமையான நிலையில் இது பிள்ளையின் ஒரு வருடத்தைக் காப்பாற்றும். ஆனால் கூடுதலாகக் கிடைத்த நேரம் முழுவதும் சரிபார்க்கும் சடங்குக்கே போய்விடவும் கூடும். அதனால் சலுகை வாங்கினாலும், வீட்டில் மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதி, எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் தாளைக் கொடுக்கும் பயிற்சியையும் ஏணியில் ஒரு படியாக வையுங்கள். முதலில் பத்து மதிப்பெண் தேர்வு, பிறகு இருபத்தைந்து. வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையை விட்டுவிட்டுக் கொடுப்பது சில பிள்ளைகளுக்குப் பயக் கணக்கில் 9 மதிப்பெண் பெறும் படி.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசினாலோ எழுதினாலோ. அசுத்தம், விஷம் என்ற பயத்தில் சாப்பாடு, தண்ணீர் குறைந்து எடை இறங்கினால். கழிவறைக்குப் பயந்து சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால். கை தோல் வெடித்து ரத்தம் கசிந்தால்.

இன்னொன்றும் உண்டு. நேற்றுவரை எதுவுமில்லை, ஓரிரு நாளில் ஓசிடி முழு வேகத்தில் வந்துவிட்டது. கூடவே கையெழுத்து கோணலாகிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, சாப்பாட்டை மறுக்கிறது, அதற்கு முன் தொண்டைவலிக் காய்ச்சல் இருந்தது என்றால், குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றை ஒட்டி இப்படி வரும் ஒரு வகையை 1998இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவின் குழு விவரித்தது. அபூர்வம்தான், ஆனால் தொடக்கத்தின் வேகமே துப்பு.

வீட்டில் மற்றவர்கள், அப்புறம் திரும்பி வரும் நாட்கள்

உடன்பிறந்த பிள்ளை எப்போதும் காத்திருக்கும் பிள்ளையாகிவிடும். அண்ணன் வெளியே வரும்வரை பல் தேய்க்க முடியாது, அக்காவுக்காகத் தோழிகளை வீட்டுக்கு அழைக்க முடியாது. அதற்கும் வயதுக்கேற்ற விளக்கம் கொடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அம்மாவோ அப்பாவோ அதோடு மட்டும் இருங்கள். கேலி செய்யக்கூடாது என்பதோடு, சடங்கில் உதவ வேண்டிய கடமை உனக்கில்லை என்றும் சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும்போது, 'நானும் இப்படித்தானே, கேஸை மூணு தடவை பார்க்காம தூங்கமாட்டேனே' என்று பெற்றோரில் ஒருவருக்குத் தோன்றினால், நீங்களும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைக்கு ஏணி போடும் நேரத்தில் நீங்களும் உங்களுக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் நீங்களும் ஏறுவதைப் பார்த்தால் பிள்ளைக்கும் அடுத்த படிக்குக் கால் எழும்.

நன்றாகிவிட்ட பிறகும் பரீட்சை மாதம், வீடு மாறுவது, புதுப் பள்ளி, காய்ச்சலுக்குப் பின் என்று ஓசிடி எட்டிப்பார்க்கும். பழைய சடங்கே வரவேண்டும் என்பதில்லை; கழுவிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது பூட்டை இழுத்துப் பார்க்கலாம். ஏணி நோட்டையும் மிச்சச் சீட்டுகளையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். புதிதாக ஏதாவது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், அன்றிரவே நோட்டில் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து மணி, இடம், செயல், நிமிடம், நாம் செய்தது என்று ஐந்து பத்தி போடத் தொடங்குங்கள்.